ஆறு கோடி ஆண்டுச் சேமிப்பு, அறுபது ஆண்டில் செலவு

விக்டோரியாவின் எரிவாயு தீர்ந்துகொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் அதை நம்பியே வாழும் மெல்பர்னின் கிளென் வேவர்லித் தமிழ்க் குடும்பங்கள் முடிவெடுக்க வேண்டிய காலம் இது.

கிளென் வேவர்லியின் பழைய செங்கல் வீடுகளில் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒரு கேஸ் மீட்டர் இருக்கும். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிச் செல்லும்போது கண்ணில் படும். மற்ற நேரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜூலை மாதத்து விடிகாலையில் ஒரு நிமிடம் அதன் எதிரே நின்று பாருங்கள். உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, யாரோ குளிக்கிறார்கள், அடுப்பில் பால் காய்கிறது. மீட்டரின் கடைசி இலக்கங்கள் நிற்காமல் உருள்கின்றன. உருளும் ஒவ்வோர் இலக்கமும் பூமிக்கடியில் இருந்த ஒரு சேமிப்பிலிருந்து கழிகிறது. அந்தச் சேமிப்புக்கு வட்டி கிடையாது. அதில் புதிதாக யாரும் பணம் போடுவதும் இல்லை.

அந்த மீட்டரிலிருந்து குழாயைப் பின்தொடர்ந்து போனால் தெரு, தெருவுக்குப் பிறகு டாண்டினாங், அங்கிருந்து கிழக்கே 174 கிலோமீட்டர் பெருங்குழாய், அதன் முடிவில் கிப்ஸ்லாந்தின் லாங்ஃபோர்ட் ஆலை. அதற்கும் அப்பால் பாஸ் நீரிணைக் கடலில் இரும்பு மேடைகள். ஏறத்தாழ இருபது லட்சம் விக்டோரிய வாடிக்கையாளர்கள் இப்படிக் குழாயோடு பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வேறெந்த மாநிலத்திலும் வீடுகள் எரிவாயுவை இவ்வளவு நம்பியிருக்கவில்லை.

அந்தக் குழாயின் மறுமுனை இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது. நாட்டின் எரிசக்திச் சந்தையை நடத்தும் ஏமோ அமைப்பு 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், தென் மாநிலங்களுக்கு 2028 முதல் கடுங்குளிர் நாட்களிலும், 2029 முதல் ஆண்டு முழுவதற்குமான கணக்கிலும் எரிவாயு போதாமல் போகும் என்று எச்சரித்தது. மாநில அரசும் சட்டத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு கேஸ் இணைப்பு இல்லை. 2027 ஜனவரி 1 முதல் புதிதாகக் கட்டப்படும் வீடுகளும் வணிகக் கட்டடங்களும் முழுக்க மின்சாரத்தில்தான் இயங்க வேண்டும். 2027 மார்ச் 1 முதல், ஏற்கெனவே உள்ள வீட்டில் கேஸ் வெந்நீர்க் கலம் ஆயுள் முடிந்து போனால், அதன் இடத்தில் இன்னொரு கேஸ் கலம் வைக்க முடியாது.

இந்தச் செய்திகள் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் வந்து சேர்கின்றன: “அப்போ தோசைக்கு என்ன செய்வது?” கேள்வி நியாயமானது. ஆனால் கிளென் வேவர்லியில் ஒரு குடும்பம் எரிக்கும் வாயுவில் தோசைக்கல்லுக்குக் கீழே எரிவது மிகச் சிறிய பங்கு. பெரும்பகுதி வீட்டைச் சூடாக்கவும், அடுத்த பங்கு வெந்நீருக்கும் போகிறது. நாம் பேசுவது கடைசிப் பங்கான அடுப்பைப் பற்றி. முடிவெடுக்க வேண்டியதோ மற்ற இரண்டையும் பற்றி.

கடலடியில் புதைந்த காடு

எரிவாயு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அது ஏன் திரும்ப வராது என்பது விளங்கும்.

கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, ஆஸ்திரேலியாவும் அன்டார்க்டிகாவும் நியூசிலாந்தைத் தாங்கிய நிலப்பகுதியும் பிரிந்துகொண்டிருந்த காலத்தில், இன்றைய பாஸ் நீரிணையின் கிழக்குப் பக்கத்தில் நிலம் பிளந்து தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் ஆறுகள் பாய்ந்தன, சதுப்புக் காடுகள் செழித்தன. டைனோசர்களின் காலம் முடியும் தறுவாயிலும் அதற்குப் பிறகு பல கோடி ஆண்டுகளும் அந்தக் காடுகளின் இலையும் கிளையும் சேற்றில் விழுந்து, மணலாலும் களிமண்ணாலும் மூடப்பட்டு, ஆழத்துக்கு இறங்கின. ஆழத்தின் வெப்பமும் அழுத்தமும் அவற்றை எண்ணெயாகவும் வாயுவாகவும் மாற்றின. மேலேறிய வாயு மணற்பாறைகளில் தங்கியது; அதன் மேல் படிந்த இறுக்கமான பாறை அடுக்கு மூடியாக நின்று அதை வெளியேறவிடாமல் காத்தது. இதே படுகையின் கரைப்பகுதியில் பிற்காலத்தில் புதைந்த தாவரம்தான் லாட்ரோப் பள்ளத்தாக்கின் பழுப்பு நிலக்கரி.

தாவரம் புதைய வேண்டும், பள்ளம் தாழ வேண்டும், சரியான சூடு கிடைக்க வேண்டும், மூடிப் பாறை உடையாமல் இருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றுகூட ஐந்தாறு கோடி ஆண்டுகள் ஆயின. மனிதக் கணக்கில் இதைப் புதுப்பிக்க வழியே இல்லை. நிலக்கரியும் பெட்ரோலும் எப்படியோ, எரிவாயுவும் அப்படியே: ஒரு முறை எரித்தால் தீர்ந்தது.

இந்தக் கதையில் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதே கோண்டுவானாவின் இன்னொரு பக்கம் பிளந்தபோது உண்டானவைதான் காவிரிப் படுகையும் மன்னார்ப் படுகையும். நரிமணத்திலும் குத்தாலத்திலும் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் எண்ணெயும் வாயுவும், மன்னார்க் கடலடியில் கெய்ர்ன் நிறுவனம் 2011-ல் கண்டறிந்த வாயுவும், கிளென் வேவர்லி அடுப்பில் எரியும் வாயுவும் ஒரே கண்டம் உடைந்த கதையின் வெவ்வேறு அத்தியாயங்கள்.

ஒரு மாநிலமே அடுப்பை மாற்றிய காலம்

1965-க்கு முன்னும் மெல்பர்னில் கேஸ் இருந்தது. அது நிலக்கரியைச் சூடாக்கிச் செய்த நகர வாயு. கார்பன் மோனாக்சைடு கலந்த நச்சு வாயு. 1850-களிலிருந்தே நகரம் அதைப் பயன்படுத்தி வந்தது. 1950-களில் மோர்வெல்லில் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் அதைத் தயாரித்தார்கள்.

1965-ன் தொடக்கத்தில் எஸ்ஸோவும் பி.எச்.பி.யும் கிப்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் தோண்டிய பாரகூட்டா கிணற்றில் எரிவாயு கிடைத்தது. ஆஸ்திரேலியக் கடலில் தோண்டப்பட்ட முதல் கிணறு அதுதான். அடுத்த ஆண்டே மார்லின் வயல், அதன் பிறகு ஹாலிபட், கிங்ஃபிஷ் எண்ணெய் வயல்கள். 1969-ல் கடல் வாயு மெல்பர்னுக்கு வந்துவிட்டது.

அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. கடல் வாயுவின் எரிதிறன் நகர வாயுவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பழைய பர்னரில் அதை எரிக்க முடியாது. எனவே கேஸ் அண்ட் ஃபியூயல் கழகத்தின் ஆட்கள் தெருத் தெருவாக, வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வோர் அடுப்பிலும், ஒவ்வொரு ஹீட்டரிலும், ஒவ்வொரு வெந்நீர்க் கலத்திலும் பர்னர்களை மாற்றினார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்கான வீடுகள் ஓர் எரிபொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறின. “இத்தனை வீடுகளை எப்படி மாற்றுவது, நடக்கிற காரியமா?” என்று இன்று கேட்கிறோம். இதே நகரம் அதை ஒரு முறை செய்து முடித்திருக்கிறது.

கிளென் வேவர்லி வளர்ந்ததும் அதே காலத்தில்தான். 1930-ல் ரயில் வந்தபோது இங்கே பழத்தோட்டங்கள் இருந்தன. போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், குறிப்பாக 1960-களிலும் 70-களிலும், தோட்டங்கள் மனைகளாயின. வெளியே ஒற்றைச் செங்கல் அடுக்கு, உள்ளே மரச்சட்டம், கூரையில் காப்பு கொஞ்சமும் இல்லாத, அல்லது பெயருக்கு இருந்த வீடுகள். மலிவாக வாயு கிடைத்ததால் வீட்டை ஒழுங்காகக் கட்டவேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. தரைத் துவாரங்கள் வழியாக அனல் காற்றை அனுப்பும் டக்டட் ஹீட்டிங் அந்த வீடுகளுக்கு வந்தது. ஜன்னல் இடுக்கில் வெளியேறும் வெப்பத்தை மேலும் வாயுவை எரித்து ஈடுகட்டினார்கள். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த நம்மவர்கள் வாங்கிக் குடியேறியது அந்த வீடுகளில்தான். வீட்டோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் வாங்கினோம்.

பாஸ் நீரிணை வாயு விக்டோரியாவுக்கு மட்டும் போகவில்லை. 2000-ல் லாங்ஃபோர்டிலிருந்து சிட்னிக்குக் குழாய் போட்டார்கள்; அதற்குப் பிறகு டாஸ்மேனியாவுக்கும். ஒரே கிணற்றிலிருந்து மூன்று மாநிலங்கள் இறைத்தன.

லாங்ஃபோர்ட் தந்த எச்சரிக்கை

1998 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. லாங்ஃபோர்டின் முதல் எரிவாயு ஆலையில் காலையிலிருந்தே கோளாறு. சூடான எண்ணெயின் ஓட்டம் நின்றுபோனதால், வழக்கமாக 100 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு வெப்பப் பரிமாற்றி மைனஸ் 48 டிகிரிக்கு இறங்கியது. வெளிப்புறக் குழாய்களில் வெண்பனி படிந்தது. அவ்வளவு குளிரில் எஃகு வளையாது, பிளக்கும். மீண்டும் சூடான எண்ணெயைப் பாய்ச்சியபோது, நண்பகலுக்குச் சற்றுப் பின், கலம் பிளந்து வாயு வெளியேறித் தீப்பற்றியது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள்.

மாநிலம் முழுவதும் கேஸ் நின்றது. ஏறக்குறைய இரண்டு வாரங்கள். பதினான்கு லட்சத்துக்கு அருகில் வீடுகள், பல்லாயிரம் தொழில் நிறுவனங்கள். செப்டம்பர் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்ததை, மின்கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி வாளியில் ஊற்றிக் குழந்தைகளைக் குளிப்பாட்டியதை அன்று மெல்பர்னில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எஸ்ஸோ நிறுவனம் ஓர் ஆபரேட்டரின் மீது பழியைச் சுமத்தியது. சர் டாரில் டாசன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. ஊழியருக்குப் போதிய பயிற்சி தராத எஸ்ஸோவின் மீதே பொறுப்பை வைத்தது. 2001-ல் நீதிமன்றம் எஸ்ஸோவுக்கு இருபது லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

அது ஒரு விபத்து. சரிசெய்ததும் வாயு திரும்பி வந்தது. இப்போது நடப்பது வேறு. வயல்களே ஓய்ந்து வருகின்றன. 1998-ல் வெடித்த அந்த முதல் ஆலை 2024-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. பயன் முடிந்த கடல் மேடைகளை அகற்றுவதற்கான வேலைகள் நடக்கின்றன. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புதுக் கிணறுகள் தோண்டுகிறார்கள். அவை சில குளிர்காலங்களைத் தள்ளிப்போட உதவும். அறுபது ஆண்டுக் கதையை மறுபடி தொடங்கிவைக்காது.

ஏற்றுமதி நாட்டில் தட்டுப்பாடா?

“கப்பல் கப்பலாக கேஸ் விற்கிற நாடு இது. இங்கே தட்டுப்பாடு என்றால் யார் நம்புவார்கள்?” என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. கத்தார், அமெரிக்காவோடு சேர்த்து உலகின் பெரிய திரவ எரிவாயு ஏற்றுமதியாளர்களில் ஒன்று ஆஸ்திரேலியா.

அந்த வாயு இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவிலும் வடக்கிலும் குயின்ஸ்லாந்திலும். மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் குழாய் கிடையாது. குயின்ஸ்லாந்திலிருந்து தெற்கே வரும் குழாய்களுக்கோ ஓர் அளவு உண்டு. மெல்பர்ன் நடுங்கும் நாளில் அவை முழுத் திறனில் ஓடினாலும் தேவைக்கு ஈடுகொடுக்கத் திணறும். விலைக்கும் ஒரு கதை இருக்கிறது. கிளாட்ஸ்டன் அருகே கர்ட்டிஸ் தீவில் மூன்று ஏற்றுமதி ஆலைகள் 2015-ஐ ஒட்டி இயங்கத் தொடங்கின. அதுவரை கிழக்குக் கரையில் ஒரு கிகாஜூல் மூன்று நான்கு டாலருக்குக் கிடைத்த வாயு, டோக்கியோவும் சோலும் தரும் விலையோடு போட்டியிட வேண்டியதாயிற்று. உக்ரைன் போருக்குப் பிறகு விலை எகிறியபோது, 2022 டிசம்பரில் மத்திய அரசு தலையிட்டு மொத்த விலைக்கு 12 டாலர் உச்சவரம்பு போட்டது. பழைய மூன்று டாலர் திரும்பவில்லை.

வெளிநாட்டுக்குப் போகும் வாயுவில் ஒரு பங்கை உள்நாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அது தொழிற்சாலைகளுக்குத் தேவை. ஆனால் அந்த ஒதுக்கீடு பாஸ் நீரிணையை மறுபடி நிரப்பாது. ஜீலாங்கில் இறக்குமதி முனையம் கட்டும் திட்டத்துக்கு மாநில அரசு 2025-ல் அனுமதி தந்திருக்கிறது. ஒரு காலத்தில் மூன்று மாநிலங்களுக்கு ஊட்டிய விக்டோரியா, கப்பலில் வரும் வாயுவுக்குக் காத்திருக்கப் போகிறது. திரவமாக்கி, கடல் தாண்டி, மீண்டும் வாயுவாக்கி வரும் சரக்கு மலிவாக இருக்க வாய்ப்பில்லை.

சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு. எரிவாயு நிலக்கரியைவிடத் தூய்மையானது என்பது எரியும் இடத்தில் உண்மை. அதே வெப்பத்துக்கு நிலக்கரி உமிழும் கரியமிலத்தில் ஏறத்தாழ பாதிதான் வெளிவரும். ஆனால் கிணற்றிலும் குழாயிலும் எரியாமல் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில், கரியமிலத்தைவிட 80 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். டக்டட் ஹீட்டிங் உள்ள விக்டோரிய வீடு ஆண்டுக்குச் சுமார் 50 கிகாஜூல் எரித்தால், எரிப்பதில் மட்டும் இரண்டரை டன் கரியமிலம் காற்றில் கலக்கிறது. அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு குழந்தைகளின் மூச்சுக்குழாயைப் பாதிக்கிறது. ஆஸ்திரேலியக் குழந்தைகளின் ஆஸ்துமாச் சுமையில் 12.3 சதவீதத்துக்கு கேஸ் அடுப்போடு தொடர்பு இருக்கலாம் என்று 2018-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது.

நெடுவாசலுக்குக் குரல் கொடுத்தோம்

தமிழர்களுக்கு எரிவாயு புதிய விஷயம் அல்ல. நம் கிராமங்கள் அதை எதிர்த்துப் போராடியிருக்கின்றன, அதற்காக அடிபட்டிருக்கின்றன.

மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தபோது, நிலத்தடி நீர் இறங்கும், நெல்வயல் பாழாகும் என்று இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அவர் உயிர் பிரிந்தது. 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீப்பிடிக்க, கேள்வி கேட்ட மக்கள் மீது தடியடி நடந்தது. 2020-ல் தமிழக அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை போட்டது. அது அந்த மக்கள் பெற்ற வெற்றி.

ஈழத்தவர்களுக்கு இன்னோர் அனுபவம். 2022-ல் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது சமையல் கேஸ் சிலிண்டரும் தீர்ந்தது. வெற்றுச் சிலிண்டர்களைத் தெருவோரம் வரிசையாகச் சங்கிலியால் கட்டிவைத்து நாள்கணக்கில் காத்திருந்த உறவுகளோடு இங்கிருந்து தொலைபேசியில் பேசினோம். விறகடுப்புக்குத் திரும்பிய கொழும்பு வீடுகளைப் பற்றிக் கேட்டோம். வெளியிலிருந்து வரும் எரிபொருளை நம்பிய சமையலறை ஒரே மாதத்தில் எப்படி நின்றுபோகும் என்பதை நம் உறவுகள் அனுபவித்தே அறிந்தார்கள்.

நெடுவாசலுக்காக உலகெங்கும் தமிழர்கள் குரல் கொடுத்தார்கள். டெல்டாவில் ஒரு கிணறு கூடாது என்று சொன்ன நாம், கிளென் வேவர்லியில் யாரும் இல்லாத அறைக்கும் சேர்த்து டக்டட் ஹீட்டரை ஓடவிடுகிறோம். நமக்கான வாயு யாருடைய நெல்வயலுக்கும் கீழிருந்து வரவில்லை என்பது உண்மை. ஆனால் தீர்ந்துபோகும் பொருள் எங்கே தோண்டினாலும் தீரும். அது வெளியிடும் கரியமிலம் டெல்டாவின் கடல் மட்டத்தையும் பருவமழையையும் தொடும். அந்த விவசாயியோடு நமக்கிருக்கும் உறவு மெய் என்றால், அது நம் வீட்டு பில்லிலும் தெரிய வேண்டும்.

முதலில் வெந்நீர், பிறகு சூடு, கடைசியாக அடுப்பு

என்ன செய்யலாம்? வரிசை முக்கியம்.

முதலில் வெந்நீர்க் கலம். இது பெரும்பாலும் குளிர்காலத்துக் காலையில்தான் பழுதாகும். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அன்றைக்கே மாற்றித் தருகிறேன் என்று பிளம்பர் சொன்னால் மறுகேள்வி இல்லாமல் தலையாட்டுவோம். அப்படி அவசரத்தில் வாங்கிய கலம் இன்னும் பத்து பதினைந்து ஆண்டு நம்மைக் குழாயோடு கட்டிப்போடும். எனவே இன்றைக்கே வெளியே போய்க் கலத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரித்த ஆண்டைப் பாருங்கள். பத்தாண்டு தாண்டியிருந்தால் இப்போதே திட்டமிடுங்கள்.

அதற்கு மாற்று ஹீட் பம்ப். ஃபிரிட்ஜ் வேலை செய்யும் அதே தத்துவம், திசை மட்டும் எதிர். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டும் அதற்கு மேலும் வெப்பம் கிடைக்கும். கூரையில் சோலார் இருந்தால், நண்பகலில் ஓடும்படி நேரம் வைத்துவிட்டால், அன்றைய வெந்நீர் பெரும்பாலும் வெயில் கணக்கில் போய்விடும். மாநில அரசின் மானியங்கள் இருக்கின்றன. வாங்குமுன் அரசு இணையதளத்தில் அன்றைய தொகையையும் தகுதியையும் பார்த்துவிடுங்கள். இந்த மானியத் திட்டத்தின் பெயரில் தொலைபேசியில் அழைத்தோ கதவைத் தட்டியோ விற்பது 2024 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. “கவர்ன்மெண்ட் ஸ்கீம், இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்” என்று யாராவது வாசலில் நின்றால் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, வீட்டுச் சூடு. பல வீடுகளில் கோடைக்கென்று வாங்கிய ஏசி சுவரில் இருக்கிறது. அது ரிவர்ஸ் சைக்கிள் வகை என்றால், குளிர்காலத்தில் சூடாக்கும் ஹீட் பம்பும் அதுவே. ரிமோட்டில் சூரியப் படம் போட்ட பொத்தானை ஒரு தடவையும் அழுத்திப் பார்க்காத வீடுகள் ஏராளம். குடும்பம் உட்காரும் கூடத்தை அதில் சூடாக்கிப் பாருங்கள். அந்த மாத பில்லை ஒப்பிடுங்கள். கூடவே கூரைக் காப்பையும் கதவிடுக்குகளையும் கவனியுங்கள். ஓட்டையான வீட்டில் எந்தக் கருவியை வைத்தாலும் பணம் வெளியேதான் போகும். பழைய கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்றவரை வைத்துச் சோதிப்பது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை.

“விக்டோரிய மின்சாரமே பழுப்பு நிலக்கரியில்தானே வருகிறது, அதற்கு மாறி என்ன பயன்?” என்ற மறுப்பு வலுவானதுதான். ஆனால் நிலக்கரி மின்நிலையங்களில் ஹேசல்வுட் 2017-ல் மூடியது. யலூர்ன் 2028-ல் மூடவிருக்கிறது. லோய் யாங் ஏ 2035-க்குள். 2035-ல் மின்சாரத்தில் 95 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பது மாநிலத்தின் சட்டபூர்வ இலக்கு. இன்றைய மின்சாரத்திலேயே ஹீட் பம்பின் கரியமிலக் கணக்கு கேஸுக்கு ஏறத்தாழ சமமாக நிற்கிறது. இனி ஒவ்வோர் ஆண்டும் மின்சாரத்தின் கணக்கு குறையும். கேஸின் கணக்கு குறையவே குறையாது.

மூன்றாவது, அடுப்பு. இங்கே அவசரம் இல்லை. இருக்கும் வீட்டில் கேஸ் அடுப்பை மாற்றச் சொல்லிச் சட்டம் ஏதும் வரவில்லை. அதைத் தொடமாட்டோம் என்று அரசே அறிவித்திருக்கிறது. கிளென் வேவர்லியின் கிங்ஸ்வே தெருவில் ஏற்கெனவே நடக்கும் உணவகங்களின் அடுப்புக்கும் ஆபத்து இல்லை. இண்டக்ஷன் அடுப்புக்கு மாற விரும்புகிறவர்கள் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். இரும்புத் தோசைக்கல்லில் ஒட்டும்; அது இண்டக்ஷனில் அருமையாக வேலை செய்யும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். பல எவர்சில்வர் பாத்திரங்களில் ஒட்டும். அலுமினிய இட்லிப் பானையிலும் பித்தளை உருளியிலும் மண்சட்டியிலும் ஒட்டாது. குழிந்த அப்பச்சட்டிக்கு இண்டக்ஷன் ஒத்துவராது. கத்தரிக்காய் சுடவும் அப்பளம் வாட்டவும் சுடர் வேண்டும் என்பவர்களுக்கும், பின்கட்டில் பொங்கல் வைப்பவர்களுக்கும், சிலிண்டர் அடுப்பு தொடர்ந்து இருக்கும். அதை வெளியில் மட்டும் வையுங்கள். கேஸில் சமைக்கும்வரை ரேஞ்ச்ஹூட்டைப் போடாமல் சமைக்காதீர்கள்.

மூன்றையும் மாற்றி முடித்த வீடு கேஸ் கணக்கையே மூடலாம். வாயு எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் ஏறும் இணைப்புக் கட்டணம் அதோடு நிற்கும்.

குழாயின் கடைசி வீடு யாருடையது?

இதில் நியாயக் கேள்வி ஒன்று இருக்கிறது. மண்ணுக்கடியில் ஓடும் குழாயைப் பராமரிக்கும் செலவு, இணைந்திருக்கும் வீடுகளுக்குள் பங்கு பிரிகிறது. பாதி வீடுகள் வெளியேறினாலும் குழாயின் நீளம் குறையாது. மிச்சமிருப்பவர்களின் பங்கு ஏறும். யார் மிச்சமிருப்பார்கள்? கையில் காசு உள்ளவர்கள் முதலில் வெளியேறுவார்கள். வாடகை வீட்டுக்காரர்கள், அடுக்ககவாசிகள், ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் கடைசிவரை நிற்பார்கள். விலையேறிய வாயுவும் விலையேறிய குழாயும் அவர்கள் தலையில் விழும். புதிய இணைப்பு கேட்பவர்கள் முழுச் செலவையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று 2025 ஜனவரி 1 முதல் விதி வந்தது நல்லது. பழையவர்களின் சுமையாவது கூடாது. அது மட்டும் போதாது. குறைந்த வருமானக் குடும்பங்கள் வெளியேற அரசு முன்பணம் தர வேண்டும். தெருத் தெருவாகத் திட்டமிட்டுக் குழாயை மூட வேண்டும். 1969-ல் வீடு வீடாகப் போன அரசால் இப்போதும் போக முடியும்.

வாடகை வீடுகளுக்கு 2027 மார்ச் 1 முதல் புதிய குறைந்தபட்சத் தரம் நடைமுறைக்கு வருகிறது: கூரைக் காப்பு, காற்றுக் கசிவு அடைப்பு, பழைய கேஸ் ஹீட்டரோ வெந்நீர்க் கலமோ ஆயுள் முடிந்தால் அதற்குப் பதில் திறனான மின்கருவி. நம் சமூகத்தில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நிறைய. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கெடு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் வீட்டில் குடியிருக்கும் குடும்பம், பெரும்பாலும் ஊரிலிருந்து புதிதாக வந்த இன்னொரு குடும்பம்தான், ஜூலை மாதத்து பில்லைப் பார்த்து ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் முடங்கக் கூடாது.

பாஸ் நீரிணை வாயு இந்த நகரத்தை வளர்த்தது, நம்மையும் குளிரிலிருந்து காத்தது. அதற்கு நன்றி சொல்லலாம். மிச்சமிருக்கும் வாயு, வேறு மாற்று இல்லாத உருக்காலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் கண்ணாடி ஆலைக்கும் போகட்டும். குளியல் தண்ணீருக்கும் கூடத்துச் சூட்டுக்கும் மாற்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வரும் குளிர்காலத்துக்கு முன் வெந்நீர்க் கலத்தின் ஆண்டைப் பாருங்கள். சுவரில் இருக்கும் ஏசியைச் சூட்டுக்குத் திருப்பிப் பாருங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கூரைக்குள் ஆள் ஏற்றிக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் எந்தச் சட்டமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.